கிளிப் பொந்தும் மொட்டைப் பனையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்கழி பிறந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி கிளிப் பொந்தைப் பற்றியதாகிவிடும். எல்லோருக்கும் பொதுவாக முதலில் ஒன்று: பொந்துக்குள் கை விடாதீர்கள். செல்போன் வெளிச்சமும் அடிக்காதீர்கள். கீழே கிளி என்று எழுதுவதெல்லாம் நம் ஊர்ப் பச்சைக்கிளியைத்தான்.

வேப்பமரப் பொந்துக்குள் போன கிளி வெளியே வருவதே இல்லை. அடிபட்டிருக்குமோ? ஏணி வைத்துப் பார்க்கலாமா? (திருமங்கலம்)

பார்க்க வேண்டாம். அது அடையில் இருக்கும் பெட்டை. முட்டை 3 அல்லது 4 இருக்கும், பொரிக்க 23 நாள் வாக்கில் ஆகும். அடைகாப்பது பெட்டை மட்டும்தான், அதற்கு இரை கொண்டுவருவது ஆணின் வேலை. காலையில் பத்திருபது அடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஆண் வந்து பக்கத்துக் கிளையில் அமர்ந்து, வழக்கமான கீச்சலை விட்டுத் தணிந்த குரலில் கூப்பிடும். பெட்டை தலையை நீட்டும். ஆண் கழுத்தை இரண்டு மூன்று முறை உதறி இரைப்பையில் இருப்பதை மேலே கொண்டுவந்து, அலகோடு அலகு கோர்த்து ஊட்டும். அரை நிமிடம்தான். இதைப் பார்த்தால் அடிபட்டதோ என்ற பயம் போய்விடும்.

கிளிக்குஞ்சு எத்தனை நாளில் பறக்கும்?

ஊர் இல்லை, மாதம் இல்லை, காட்டுக்கிளியா கூண்டுக்கிளியா என்றும் இல்லை. இப்படி ஒற்றை வரி எழுதினால் நான் என்ன சொல்வது? பச்சைக்கிளி என்றே வைத்துக்கொள்கிறேன்: ஆறேழு வாரம். பொரிக்கும்போது மயிரில்லாமல், கண் திறக்காமல் இருக்கும். மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் ஊசி ஊசியாக இறகு முளைக்கும். எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் பொரிப்பதில்லை, அதனால் ஒன்று பெரியதாகவும் இன்னொன்று சிறியதாகவும் இருப்பது இயல்பு.

ஜோடியில் இரண்டுக்குமே கழுத்தில் ஆரம் இல்லையே? (காரைக்குடி)

ஆணுக்குத்தான் ஆரம், அதுவும் மூன்றாவது வயது வாக்கில்தான் தெளிவாக விழும். ஒன்று இளம் ஆணாக இருக்கலாம்.

எங்கள் தோட்ட வரப்பில் கொண்டை முறிந்த பனை ஒன்று வெறுமனே நிற்கிறது. இரண்டு கிளிகள் வந்து போகின்றன. சூளைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா? (விளாத்திகுளம்)

கொடுக்காதீர்கள். "வெறுமனே நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே இரண்டு கிளிகள் வந்து போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அது எப்படி வெறுமனே நிற்பதாகும்?

உயிரோடு நிற்கும் பனையின் வெளிப்பக்கம் வைரம், கிளியின் அலகு அதில் லேசில் ஏறாது. கொண்டை போய் மரம் பட்ட பிறகுதான் உள்ளே இருக்கும் சோறு இற்றுப்போகும். மரங்கொத்தி துளை போடும். கிளி தானாகப் புதுப் பொந்து குடைவது அபூர்வம். அடுத்தவர் விட்டுப்போன துளையின் வாயை அலகால் செதுக்கிப் பெரிதாக்கிக்கொள்ளும். உங்கள் பனையின் அடியில் புதிதாகத் தூள் உதிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் குடிவந்துவிட்டது என்று அர்த்தம். கிளி போன பின் அதே பொந்துக்கு மைனா வரும், பனங்காடை வரும், புள்ளி ஆந்தை வரும். மறு வருஷம் கிளியே திரும்பியும் வரும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அப்படி மூன்று மொட்டைப் பனைகள் நின்றன. ஒரு மாசி மாதம் மூன்றையும் ஒரே நாளில் சாய்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிளந்து கிடந்த தடிக்குள் நான்கு குஞ்சுகள், இரண்டுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. பெட்டை லாரி கிளம்பும்வரை மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. அந்தக் கரையில் இன்றைக்குக் கிளிக்கு ஒரு பொந்து இல்லை. நூறு மரக்கன்று நட்டோம் என்கிறார்கள். நடட்டும், நல்லதுதான். ஆனால் இன்று நட்ட கன்றில் பொந்து விழ எத்தனை வருஷம் ஆகும்? பழம் தின்ன ஆயிரம் மரம் இருந்தாலும் முட்டையிட ஓட்டை இல்லையென்றால் கிளி பெருகாது.

பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அதையும் சூளைக்காரரிடம் சொல்லுங்கள். மரம் சாய்ந்து யார் மேலாவது விழும் என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், வைகாசி வரை பொறுத்து, பொந்துக்கு மேலே உள்ள துண்டை மட்டும் எடுங்கள்.

காற்றில் விழுந்த குஞ்சை எடுத்து வந்தோம். பால் சாதம் கொடுக்கிறோம். பழகிவிட்டது, வளர்க்கலாமா? (அரக்கோணம்)

பாலை இன்றே நிறுத்துங்கள், பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு என்றால் விழுந்த பொந்திலேயே விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். குஞ்சை வைப்பதற்கு மட்டும்தான் பொந்தில் கை போகலாம். இறகு முளைத்தது என்றால் அதே மரக் கிளையில் வையுங்கள், தாய் தகப்பன் வந்து ஊட்டும். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். மரமே போய்விட்டால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வளர்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்று கேட்காதீர்கள், அதுவும் குற்றம்தான்.

கோபுரத் துளைகளில் கிளிகள் இருக்கின்றன. கும்பாபிஷேகத்துக்குப் பூச வேண்டும். (கும்பகோணம் அருகே)

ஆனி, ஆடியில் பூசுங்கள். சிற்பத்துக்குக் கெடுதல் இல்லாத நாலைந்து துளைகளை விட்டுவிடும்படி ஸ்தபதியிடம் கேளுங்கள். மாசியில் மட்டும் பூசாதீர்கள், குஞ்சுகளை உயிரோடு வைத்து அடைத்ததாகிவிடும்.

பிளாஸ்டிக் குழாயில் கூடு செய்து மாட்டலாமா? (சேலம்)

வெயிலில் வெந்துவிடும். கனமான பலகையில் செய்யுங்கள். ஒன்றரை அடி ஆழம், வாய் 7 செ.மீ., அடியில் இரண்டு கை மரத்தூள். உள்பக்கத்தை இழைக்காதீர்கள், குஞ்சு பற்றி ஏறச் சொரசொரப்பு வேண்டும். முதல் வருஷம் அணிலோ மைனாவோ பிடித்துக்கொள்ளும், விரட்டாதீர்கள். மாட்டிய பிறகு திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

சிட்டுக்குருவி அளவில் ஒரு கிளி, இலைத் துண்டுகளை முதுகு இறகில் செருகிக்கொண்டு பறந்தது. யாரும் நம்பவில்லை. (வால்பாறை)

நான் நம்புகிறேன். அது தலைகீழாகத் தொங்கித் தூங்கும் தொங்குகிளி. பச்சைக்கிளி பொந்துக்குள் எதையும் கொண்டுபோய்ப் போடாது. இதுவோ இலையை நீளநீளமாகக் கிழித்து, வாலடியில் உள்ள சிவப்பு இறகுகளுக்குள் செருகிக் கொண்டுபோய்ப் பொந்தில் பரப்பும். எந்த மரத்து இலை என்று பார்த்து எழுதுங்கள். பொந்து கண்ணில் பட்டால் தள்ளியே நில்லுங்கள்.