செல்லுக்குப் பசித்தால் பி53 என்ன செய்யும்? – கேள்வி பதில்

முதுகலை மாணவி: பி53 சேதமடைந்த செல்லைக் கொல்லும் புரதம் என்று படித்தோம். சத்துக் குறையும்போது அதுவே செல்லைக் காப்பாற்றுகிறதாமே?

கொலை அதன் கடைசி வேலை. அதற்கு முன் செய்வது சிக்கனம். குளுக்கோஸ் குறைந்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்து, அது செலவான பின் மிஞ்சும் ஏஎம்பி கூடும். அதை ஏஎம்பிகே என்ற நொதி உணர்ந்து, பி53-இன் 15ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற்றுகிறது. உடனே பி53 பி21 என்ற புரதத்தை வரவழைத்துச் செல் பிரிவதை நிறுத்துகிறது. 2005இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

எனக்குப் பிடித்தது 2013இல் வந்த செரின் ஆய்வு. வெளியிலிருந்து செரின் வராவிட்டால், செல் அதைக் குளுக்கோசிலிருந்து தானே தயாரிக்க வேண்டும். தயாரிக்கும் கொஞ்சத்துக்கு இரண்டு செலவுகள் போட்டியிடும்: புதிய டி.என்.ஏ.வுக்கான நியூக்ளியோடைடுகள் ஒன்று, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கும் குளுதாதயோன் மற்றொன்று. பி53 உள்ள செல் பிரிவதை நிறுத்திக் குளுதாதயோனுக்கு முன்னுரிமை தரும். பி53 இழந்த செல்லோ, வருமானம் நின்ற பிறகும் கல்யாணச் செலவு செய்யும் குடும்பம்போல் பிரிவுக்கே கொட்டி, ஆக்சிஜனேற்றச் சேதத்தில் சாகும்.

சேலம் வாசகர்: அப்படியானால் சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும்தானே?

சாகாது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோசைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டி இளைப்பதற்கு முன் நோயாளி இளைத்துவிடுவார். புற்றுநோயில் உடல் மெலிவதே தனி ஆபத்து.

இல்லத்தரசி: ஒருவேளை மட்டும் உண்டு விரதம் இருந்தால்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

மருந்தாளுநர்: செரின் இல்லாத உணவு?

2017இல் செரினும் கிளைசினும் நீக்கிய உணவு சில வகைக் கட்டிகளுள்ள எலிகளின் ஆயுளை நீட்டியது. செல் வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணு மாறிய கட்டிகள் அவ்வளவாக மசியவில்லை. அவை செரினைத் தாமே அதிகம் தயாரித்துக்கொள்கின்றன. புரதமுள்ள உணவு எல்லாவற்றிலும் செரின் உண்டு. வீட்டுச் சமையலில் அதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. எலி ஆய்வை எலியோடு விடுங்கள்.

வாதப்பிரியன்: பட்டினியைத் தாங்க உதவுகிற புரதம் கட்டிக்குள்ளும் அதைத்தானே செய்யும்? பிறகு அது எப்படிப் புற்றுநோயைத் தடுக்கும் காவலன்? உடந்தை என்று சொல்லுங்கள்!

இன்றைய கேள்விகளில் இதுதான் உருப்படி. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு மாறியிருக்கிறது. அது கட்டிக்குத் தோழன் என்றால் இத்தனை கட்டிகள் ஏன் அதைத் தொலைக்கின்றன?

வாதப்பிரியன்: மீதிப் பாதி ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது?

அவற்றில் பல, பி53 மரபணுவை மாற்றாமல் வேறு வழியில் முடக்கியிருக்கின்றன. பி53ஐச் சிதைக்க வைக்கும் எம்டிஎம்2 என்ற புரதத்தைப் பெருக்குவது ஒரு வழி. ஆனாலும் உங்களுக்கு ஒரு புள்ளி தருகிறேன். குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இல்லாத நிலையில் சில பெருங்குடல் புற்றுச் செல்கள் பி53இன் உதவியால்தான் பிழைக்கின்றன என்று 2018இல் காட்டினார்கள். இடத்தைப் பொறுத்து அதே சிக்கனம் கட்டிக்கும் உதவும்.

மருத்துவ மாணவர்: எல்கேபி1உம் இப்படித்தானா?

ஆம். ஏஎம்பிகேயை முடுக்குவதே எல்கேபி1 என்ற நொதிதான். அதன் மரபணு பிறவியிலேயே பழுதானால் பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோய்: உதட்டில் கரும்புள்ளி, குடலில் கட்டிகள், கூடிய புற்றுநோய் அபாயம். எல்கேபி1 இழந்த எலி நுரையீரல் கட்டிகளை ஃபென்ஃபார்மின் என்ற மருந்து தாக்கியது 2013இல் தெரிந்தது. ஆற்றல் குறைந்தபோது அவற்றால் செலவைக் குறைக்க முடியவில்லை. லாக்டிக் அமில ஆபத்தால் 1970களிலேயே பல நாடுகள் கைவிட்ட நீரிழிவு மருந்து அது. தேடி வாங்காதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: அம்மாவின் கட்டி அறிக்கையில் டிபி53 மாற்றம் என்று இருக்கிறது. எனக்கும் வருமா?

டிபி53 என்பது பி53 புரதத்தின் மரபணு. பெரும்பாலும் அந்த மாற்றம் கட்டியில் மட்டும் உண்டாவது. பரம்பரையானதா என்று இங்கே சொல்ல முடியாது. புற்றுநோய் மருத்துவரையும் மரபணு ஆலோசகரையும் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: வெல்லம் சாப்பிடலாமா?

வெல்லமும் சர்க்கரைதான். சேலம் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

வாதப்பிரியன்: ஆக, உடந்தை என்று ஒப்புக்கொண்டீர்கள்!

சில கட்டிகளில், சில சத்துகள் குறைந்தால் மட்டும். இதற்குமேல் வேண்டுமானால் அடுத்த வாரம் குளுட்டமின் ஆய்வைப் படித்துவிட்டு வாருங்கள்.