தைப்பூசத்துக்குப் பத்துமலை: பர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஆடியில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள், தீபாவளிக்கு மாமனார் ஊரான திருநெல்வேலி என்று வருடம் ஓடிவிடுகிறது. அப்பா அம்மாவுக்குத் தைப்பூசத்தன்று மலேசியாவில் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பிள்ளைகள் இருவரோடு சேர்த்து ஆறு பேர். 3 லட்சம் ஆகும் என்கிறார்கள். வங்கியில் பர்சனல் லோன் தரத் தயார். டூர் ஏஜென்ட் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, அதாவது வட்டி இல்லாத தவணை என்கிறார். எதை எடுக்கலாம் சார்?

பதில்: இரண்டும் வேண்டாம். மருத்துவச் செலவு சொல்லிக்கொண்டு வராது, அதற்குக் கடன் வாங்கினால் அர்த்தம் உண்டு. தைப்பூசம் எந்த நாளில் வரும் என்று பஞ்சாங்கத்தில் முன்னாலேயே இருக்கிறது. தேதி தெரிந்த செலவுக்கு எதற்கு வட்டி?

3 லட்சத்தை 14 சதவீத வட்டியில் இரண்டு வருடத் தவணைக்கு வாங்கினால் மாதம் சுமார் 14,400 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 45,000-ஐத் தாண்டும், பிராசஸிங் கட்டணம் தனி. தலைக்கு 50,000 என்பது உங்கள் கணக்கு. ஆக, கிட்டத்தட்ட ஏழாவது ஆள் ஒருவரைச் செலவு செய்து கூட்டிப்போய் வருகிறீர்கள். ஏஜென்ட்டிடம், “முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் குறைக்கிற தொகைதான் ‘நோ காஸ்ட்’டுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி.

மாதச் சம்பளக்காரருக்குச் சொல்கிற மாதிரி “மாதாமாதம் இவ்வளவு போடுங்கள்” என்று உங்களிடம் சொல்ல முடியாது. பட்டறை வருமானம் அப்படி வருவதில்லை. தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்னால் கை ஓயாது, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் இருக்காது. அதனால் பணம் வருகிறபோதே பிடித்துவைக்க வேண்டும். வருகிற தைப்பூசத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைக் குறிவையுங்கள். இந்தத் தீபாவளி சீசன் முடிந்ததும் 75,000, வைகாசி முகூர்த்தங்களில் 60,000, ஆவணியில் 45,000, அடுத்த தீபாவளிக்கு மறுபடி 75,000 என்று எடுத்து வையுங்கள். உங்கள் மனைவி மாதம் 3,000 வீதம் 15 மாத ஆர்டி போடட்டும். கூட்டினால் 3 லட்சம், வட்டி மேல்வரவு. மொத்தமாக வரும் பணத்துக்கு லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலத்துக்குப் பணம் போட்டுவைக்கும் மியூச்சுவல் ஃபண்ட்) அல்லது குறுகிய கால எஃப்டி போதும், பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம். தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டும் வேண்டாம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பட்டறை இருப்பில் ஒரு கிலோவை விற்றுவிட்டுப் போய்வரலாமே என்று தோன்றும். அது தொழில் முதல், அதில் கை வைக்காதீர்கள்.

உள்ளூர்ப் பண்டிகைச் செலவையும் இதோடு சேர்த்தே பாருங்கள். ஆடியில் நீங்கள் எங்கும் போவதில்லை, ஊரே உங்கள் வீட்டுக்கு வருகிறது. பூச்சாட்டு தொடங்கி மாவிளக்கு, கறி விருந்து, குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை முடிகிறவரை ஆகும் செலவைச் சேலத்தில் யாரும் கணக்கு எழுதுவதில்லை. இந்த வருடம் எழுதிப் பாருங்கள். அதைக் குறைக்கச் சொல்லவில்லை, தொகை தெரிந்தால் போதும்.

குறைக்க வேண்டியது தீபாவளிப் பயணத்தைத்தான். பட்டறையில் முந்தின நாள் வரை வேலை. அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக ஆம்னி பஸ்ஸில் கேட்ட விலை கொடுத்துத் திருநெல்வேலி போவது உங்களுக்குத் தேவையா? தலைதீபாவளியா என்ன? மனைவியும் பிள்ளைகளும் முதலில் போகட்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் பண்டிகை முடிந்து பட்டறை ஓய்ந்திருக்கும் வாரத்தில் போய் அழைத்து வாருங்கள். மாமனார் இரண்டு நாள் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இப்போது பத்துமலை. தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. சீனப் புத்தாண்டும் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி 20-க்கும் உள்ளேதான் பெரும்பாலும் வரும். இரண்டும் நெருங்கி வருகிற வருடத்தில் விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் ஏறிவிடும். பொங்கலை ஒட்டித் தைப்பூசம் வந்தால், ஊருக்கு வந்துவிட்டு மலேசியா திரும்புகிறவர்களோடு டிக்கெட்டுக்குப் போட்டி போட வேண்டியிருக்கும். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஆவணி, புரட்டாசியிலேயே, முதலில் சேர்த்த பணத்தில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போய், இரண்டு நாள் கழித்துத் திரும்புகிற மாதிரி தேதிகளை மாற்றி மாற்றி விலை பாருங்கள்.

முன்னதாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. அங்கே 272 படிகள். பூசத்தன்று அந்தக் கூட்டத்தில் உங்கள் பெற்றோர் ஏறுவது கஷ்டம். முந்தைய நாள்களில் ஒரு விடியற்காலையில் ஏறட்டும், பூசத்தன்று கீழே நின்று காவடி பார்க்கட்டும். கோலாலம்பூர் சென்ட்ரல் பக்கம் ரூம் எடுத்தால் மின்சார ரயில் நேராகப் பத்துமலைக்கே போகிறது. பூசத்துக்கு முன்பாக, நகரத்து மகா மாரியம்மன் கோயிலில் இருந்து வெள்ளி ரதம் புறப்படும். கொலுசு செய்கிறவர் அதைப் பார்க்காமல் வரக் கூடாது.

சில்லறை விஷயங்கள்: டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் வரி பிடிப்பார்கள், விற்பவர் முன்கூட்டியே வசூலித்து உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிற வருமான வரி அது. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்கிற உங்கள் பான் எண்ணில் பில் போடச் சொல்லுங்கள். அப்பா பெயரில் போட்டால் அதைத் திரும்பப் பெறுவதற்காகவே அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் ‘ரூபாயா, ரிங்கிட்டா’ என்று கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. பயணக் காப்பீட்டில் பெற்றோரின் சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இது கெடு வைத்து நீட்டிக்கிற சலுகை, டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் மீதி இருக்க வேண்டும். பெரியவர்களுடையது 10 வருடம், சிறு பிள்ளைகளுடையது 5 வருடம்தான். பிள்ளைகள் இருவருடையதையும் இந்த வாரமே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.