ஆலையை மாற்றலாம், தொழிலை மாற்ற வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46. மெக்கானிக்கல் டிப்ளமா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஆலையில் சப்ளையர் குவாலிட்டியில் சீனியர் இன்ஜினியர். சேர்ந்து 21 வருடம் 4 மாதம் ஆகிறது. மின்சார வண்டிக்கு எங்கள் பாகமே தேவையில்லை. இரண்டு லைன்கள் ஒரு ஷிஃப்டுக்கு வந்துவிட்டன. யாரையும் போகச் சொல்லவில்லை, ஆனால் போனவர் இடத்துக்கு ஆள் எடுப்பதும் இல்லை. கைக்கு வருவது 88,000, அடிப்படைச் சம்பளம் 52,000. வீட்டுக் கடன் தவணை 29,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மனைவிக்குச் சர்க்கரை, கம்பெனி இன்ஷூரன்ஸை விட்டால் வேறு இல்லை. ஒரு பயிற்சி நிறுவனம் 11 மாத டேட்டா சயின்ஸ் படிப்பு, 2,40,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்கிறது. வேலையை விட்டு முழுநேரமாகப் படிப்பது நல்லது என்கிறார்கள். சேரலாமா?

ர.

அன்புள்ள ர.,

சேர வேண்டாம். வேலையையும் இப்போது விட வேண்டாம். அதற்காக அந்த ஆலையிலேயே 58 வரை ஓட்டிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆள் எடுப்பதை நிறுத்திவிட்ட ஆலையில் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

உங்கள் உழைப்பில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. என்ன வேலை செய்கிறீர்கள் என்பது ஒன்று, எந்தத் துறைக்குச் செய்கிறீர்கள் என்பது மற்றொன்று. நாற்பதைத் தாண்டியவர் இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றது அவரைத் தாங்கும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் 21 வருட அனுபவத்துக்கு விலையே கிடையாது. நேற்று கல்லூரி முடித்தவரோடு ஒரே வரிசையில், அவருடைய சம்பளத்துக்கு நிற்க வேண்டும். டேட்டா சயின்ஸ் உங்களுக்கு இரண்டையும் மாற்றுகிறது. அழிந்துகொண்டிருப்பது நீங்கள் செய்யும் பாகம். தரக் கட்டுப்பாடு அழியவில்லை.

அந்தத் தவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது பயிற்சி நிறுவனம் தரும் சலுகை அல்ல, ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் போடும் கடன். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். மூன்றாம் மாதமே படிப்பை விட்டாலும் தவணை ஓடும். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். 'வேலை உறுதி' என்ற வரிக்குக் கீழே உள்ள நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள்: இத்தனை தேர்வில் தேற வேண்டும், எந்த ஊரானாலும் போக வேண்டும், வருகின்ற முதல் வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று இருக்கும். டேட்டா வேண்டுமென்றால் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. சி.எம்.எம். என்ற அளவெடுக்கும் மெஷின் தரும் அளவுகளை மினிடாப் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு எம்.எஸ்.ஏ.வும் (அளவெடுப்பதை நம்பலாமா என்ற சோதனை) சி.பி.கே.யும் (உற்பத்தி வரம்புக்குள் நிற்கிறதா என்று காட்டும் எண்) பார்க்கவும், எக்செல்லின் பவர் குவெரியில் ஒரு வருட ரிஜெக்‌ஷனைச் சப்ளையர்வாரியாகப் பிரிக்கவும் இரண்டு மாத மாலைகள் போதும்.

இனி, எங்கே போவது? மருத்துவக் கருவித் துறையை முதலில் பாருங்கள். 2017-ன் மருத்துவக் கருவி விதிகளின்படி ஆபத்து குறைந்த ஏ, பி வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஆபத்து கூடிய சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமானது. அதுவரை ஏனோதானோ என்று ஓடிய சிறு ஆலைகளும் தர முறைமையைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். அதற்கு ஆவணமும் ஷாப் ஃப்ளோரும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். ஒரகடத்தில் சிப்காட் ஒரு மருத்துவக் கருவிப் பூங்காவையே அமைக்கிறது. உங்களுக்கு வீடு மாற்றும் வேலைகூட இருக்காது.

நீங்கள் வாகனத் துறையின் தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949 அறிந்தவர். அங்கே மருத்துவக் கருவிக்கான ஐ.எஸ்.ஓ. 13485. கேலிபரேஷன், டிராயிங், சப்ளையர் ஆடிட், 8டி (குறையின் வேரைத் தேடித் தீர்க்கும் முறை) ஆகிய எல்லாம் அப்படியே செல்லும். மூன்று இடங்களில் ஆட்டோமொபைல்காரர்கள் சறுக்குகிறார்கள்.

முதலாவது ரிஸ்க். ஆலையில் நீங்கள் போடும் தவறுப் பட்டியலான பி.எஃப்.எம்.இ.ஏ. 'இந்த உற்பத்திப் படியில் என்ன தவறும்' என்று தொடங்கும். மருத்துவக் கருவியின் ரிஸ்க்குக்கான ஐ.எஸ்.ஓ. 14971 'நோயாளிக்கு என்ன தீங்கு நேரும்' என்று தொடங்கும். கருவி பழுதே இல்லாமல் ஓடும்போது வரும் தீங்கும், நர்ஸ் மாற்றிப் பொருத்துவதால் வரும் தீங்கும் அதில் அடங்கும். தீங்கின் கடுமை, அது நேரும் வாய்ப்பு இரண்டைத்தான் அது பார்க்கும். டிடெக்‌ஷன் என்ற, தவறு பிடிபடும் வாய்ப்பைக் காட்டும் மூன்றாவது எண்ணே கிடையாது. 'கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது சார்' என்று சொல்லி எண்ணைக் குறைத்துப் பழகியவர்கள் இன்டர்வியூவில் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இரண்டாவது வேலிடேஷன். ஸ்டெரைல் பவுச்சின் சீல் சரியாக ஒட்டியதா என்று கிழித்துப் பார்த்தால்தான் தெரியும், கிழித்ததை விற்க முடியாது. அதனால் மெஷின், செட்டிங், உற்பத்தி ஓட்டம் என்று மூன்று கட்டமாக, ஐ.க்யூ., ஓ.க்யூ., பி.க்யூ. என்று முன்கூட்டியே நிரூபிக்கிறார்கள். வாகனப் பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. செய்த கைக்கு இது அந்நியமில்லை. ஆனால் ஏற்பு அளவுகோலை ஓட்டத்துக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஓட்டிய பிறகு எழுதினால் அந்த வேலிடேஷனே செல்லாது.

மூன்றாவது பழக்கம். கஸ்டமருக்கு ஒரு போன் போட்டு டீவியேஷன், அதாவது விலக்கு அனுமதி, வாங்கி லாரியை அனுப்பும் வேலை அங்கே நடக்காது.

13485 லீட் ஆடிட்டர் பயிற்சி ஐந்து நாள். அந்த 2,40,000-ல் சிறு பங்குதான் ஆகும். ஆனால் சான்றிதழ் வாங்கியதும் ஆடிட்டர் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம், ஆடிட் செய்த நாட்களைத்தான் கேட்பார்கள். சின்ன ஆலை ஒன்றின் இன்டர்னல் ஆடிட்டில் விடுமுறை நாளில் உட்கார இடம் கிடைக்குமா பாருங்கள். உங்கள் கம்பெனியின் அனுமதி தேவையா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படித்துவிட்டு. விமான பாகங்களும் ஒரு வழிதான், அந்தத் துறையின் தரநிலையான ஏ.எஸ்.9100 உங்களுக்கு இன்னும் நெருக்கம். அதற்காக என்.டி.டி. (பாகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் முறை) லெவல் 2 படிக்கச் சொல்வார்கள். அதற்கான எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற முறையில் சான்றளிப்பது வேலை கொடுப்பவர். ஆலை மாறினால் அது கூடவே வராது.

வேலை தேடும்போது நௌக்ரி போன்ற வேலைத் தளத்தை மட்டும் நம்பாதீர்கள். '8 முதல் 12 வருடம்' என்று வடிகட்டினால் உங்கள் பெயர் திரையிலேயே வராது. கேஜ் விற்பவர், சி.எம்.எம். சர்வீஸ்காரர், கேலிபரேஷன் லேபிலிருந்து வருபவர் ஆகியோர் வாரம் பத்து ஆலை ஏறி இறங்குகிறார்கள். எங்கே புது லைன் வருகிறது, எங்கே குவாலிட்டி மேனேஜர் கிளம்பிவிட்டார் என்பது விளம்பரத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். எந்தக் கன்சல்டன்ட்டையும்விட இவர்கள் மேல்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். கடைசிப் பத்து வருடத்தை விரிவாகவும் முந்தையதை நான்கு வரியிலும் எழுதுங்கள். 'சப்ளையர் தரத்துக்குப் பொறுப்பு' என்ற வரி எதையும் சொல்வதில்லை. எத்தனை சப்ளையர், பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பாகம் குறை) எதிலிருந்து எதற்கு வந்தது, எதை மாற்றியதால் வந்தது என்று எழுதுங்கள். புது இடத்தில் உங்கள் மேலாளருக்கு 34 வயது இருக்கலாம். இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டால் பெருந்தன்மை பேசாமல், இப்போது உங்களைவிட இளையவரோடு சேர்ந்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

பணக் கணக்கு. முதல் சம்பளம் குறையலாம். எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை மனைவியோடு உட்கார்ந்து இன்றே எழுதிவையுங்கள். ஆஃபர் வந்த பிறகு போடும் கணக்கில் ஆசையும் பயமும் கலந்துவிடும். கிராஜுவிட்டி, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 26-ல் 15 பங்கு, வருடத்துக்கு. 52,000-க்கு அது 30,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி முழு வருடமாக எண்ணப்படும். 21 வருடம் ஆறு மாதத்தைத் தாண்டி விலகினால் 22 வருடக் கணக்கு, 6,60,000. நோட்டீஸ் காலத்தில் வேலை செய்தால் அதுவும் சர்வீஸில் சேரும். 'நோட்டீஸை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அடுத்த வாரமே வாருங்கள்' என்று புது இடம் அவசரப்படுத்தினால், போகும் 30,000-ஐ ஜாயினிங் தொகையில் கேளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என்.-இல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. இந்த மாதமே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு வைக்கலாம். அந்தக் கடிகாரம் நீங்கள் வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். சர்க்கரையை மறைக்க வேண்டாம், மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அறிக்கையோடு விண்ணப்பியுங்கள். பிரீமியம் கூடும். மறைத்தால் கிளெய்மே நிராகரிக்கப்படலாம். விலகுவது உறுதியானதும், குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று கடைசி நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கடைசி நாள் முடிந்த பிறகு கேட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.