கதைத் தொகுப்பு போட 40,000 கட்டலாமா? கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அப்பாவின் கேள்வி

வணக்கம்ங்க அண்ணா. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பொண்ணு, பி.காம். சேருவாள் என்று நீங்கள் நினைத்திருக்க, பி.ஏ. தமிழ்தான் படிப்பேன், கதை எழுதுவேன், பதிப்பகத்தில் வேலைக்குப் போவேன் என்று நிற்கிறாள். இணைய இதழ்களில் வந்த அவள் கதைகளைப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்து, 40,000 ரூபாய் கட்டினால் சிறுகதைத் தொகுப்பு போட்டு வெளியீட்டு விழாவும் நடத்தித் தருவதாகச் சொல்கிறார். பணத்தைக் கட்டுவதா, பொண்ணைத் தடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பணத்தை முதலில் பேசிவிடலாம், அவசரம் அதில்தான் இருக்கிறது. 160 பக்கத் தொகுப்பு ஒன்று, விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் எழுதியவருக்குப் போகும் ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது ஒரு பிரதிக்கு 20 ரூபாய். புது எழுத்தாளரின் தொகுப்பு 500 பிரதி விற்பதே பெரிய விஷயம், அப்படியே விற்றாலும் அவள் கைக்கு வருவது 10,000. போட்ட நாற்பதாயிரத்தை இதில் எப்படி எடுப்பது? அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டவருக்கு லாபம் அன்றைக்கே வந்துவிட்டது, அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது, பெட்டி பெட்டியாக உங்கள் வீட்டு அட்டாலிக்குத்தான் வரும். இப்போது தேவைப்படும் அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் பி.ஓ.டி. முறையில் ஐம்பது நூறு பிரதிகள்கூட அடித்துக்கொள்ளலாம். ஆயிரம் பிரதி அடித்துத் தேங்கிவிடுமே என்ற பழைய பயம் பதிப்பாளருக்கு இல்லை, ஆகவே ஒரு கதைத் தொகுப்பை நம்புகிறவர் சொந்தப் பணத்தில்தான் போடுவார். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று தனியாகக் காசு கேட்டால், அது இந்தியாவில் இலவசம் என்று சொல்லுங்கள். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம், அந்தத் தேர்வு அரசுப் பொது நூலகத் துறையின் கையில் இருக்கிறது, யாரும் உறுதி கொடுக்க முடியாது.

நாளைக்கு நல்ல பதிப்பகமே கேட்டு வந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். காப்புரிமை அவள் பெயரில் இருக்க வேண்டும், எத்தனை வருடத்துக்கு என்று போட்டிருக்க வேண்டும், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 1957ஆம் வருடச் சட்டப்படி காப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் இன்னும் 60 வருடமும் நிற்கும். பள்ளி முடித்த வயதில் அவசரமாகப் போடும் ஒரு கையெழுத்து அவள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகக்கூடியது.

இன்னொன்று, தொகுப்புக்கு இப்போது அவசரமே இல்லை. கதைகள் முதலில் இதழ்களில் வரட்டும், திருப்பி அனுப்பப்படட்டும், திருத்தி எழுதட்டும். பதினைந்து இருபது சேர்ந்த பிறகு அதில் எதை விடுவது என்று அவளுக்கே தெரிய ஆரம்பிக்கும், அப்போதுதான் தொகுப்பு.

சரி, பிழைப்பு? சிறுகதை எழுதி மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் தமிழில் மிகவும் குறைவு, இதைப் பொண்ணிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் நம் கொங்குப் பக்கத்தில் எழுதியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கோவையில் வசிக்கும் நாஞ்சில் நாடன் கம்பெனி விற்பனை வேலையில் இருந்துகொண்டே எழுதியவர், 2010இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது ஒரு சிறுகதைத் தொகுப்புக்குத்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2023இல் அவர் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இந்திய இலக்கியத்துக்கான ஜே.சி.பி. பரிசு வாங்கியது. அந்தக் காலத்து நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரம் வங்க நாவல்களை நிறைய மொழிபெயர்த்தார். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு வேலை இருந்தது.

உங்கள் பொண்ணுக்கு அந்த வேலை பதிப்புத் துறையிலேயே அமையலாம். மெய்ப்பு பார்ப்பது (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), பிரதியைச் செம்மைப்படுத்துவது, பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சப்டைட்டில் என்று வேலைகள் இருக்கின்றன. முழுநேர எடிட்டர் வைத்திருக்கும் தமிழ்ப் பதிப்பகங்கள் குறைவு, அதனால்தான் அச்சான கதைகளிலேயே முதல் பக்கத்தில் பெரியம்மாவாக வந்தவர் ஒன்பதாம் பக்கத்தில் சின்னம்மாவாகிவிடுகிறார். ஆடி மாதத்தில் மஞ்சள் வெட்டுகிறார்கள் என்று ஒரு கதையில் வந்தால், சென்னையில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை மட்டும் திருத்துகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். கோபியில் வளர்ந்த பொண்ணு பேனாவை அங்கே நிறுத்துவாள், தை மாசியில் வெட்டுகிற மஞ்சள் ஆடியில் எப்படி வந்தது என்று ஆசிரியருக்கே போன் போட்டுக் கேட்பாள். அந்தக் கண் இருக்கிறவர்களைத்தான் பதிப்பகங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுகின்றன. தொடக்கத்தில் வருமானம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு இருக்காது, பாதிப்பேர் பக்கக் கணக்கில்தான் கூலி வாங்குகிறார்கள், இதுவும் உண்மை.

ஆகவே பி.ஏ. தமிழ் சேரட்டும். கோபி கலை அறிவியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, கோவை அரசு கலைக் கல்லூரி என்றாலும் நல்லதுதான். கூடவே ஆங்கிலத்தை விடக் கூடாது. தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், ஒரு பக்கம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் எழுதிப் பழகினால் டிகிரி முடிக்கும்போது அவள் கையில் ஒரு தொழில் இருக்கும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், பழைய எழுத்துருவில் இருக்கும் பிரதியை யூனிகோடுக்கு மாற்றினால் என்னென்ன உடையும் என்று தெரிந்துகொள்ளட்டும். டிகிரிக்குப் பிறகு நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் பதிப்புப் பயிற்சி இருக்கிறது, கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எடிட்டிங், பதிப்புக்கென்றே டிப்ளமோ இருக்கிறது. பி.எட். படித்து ஆசிரியர் வேலை, நூலக அறிவியல் படித்து நூலகர் வேலை, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 என்று உங்கள் மனசு கேட்கிற பாதுகாப்பும் அதே பட்டத்தில் இருக்கிறது.

விருது ஆசையும் இருக்கட்டும், தப்பில்லை. சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவபுரஸ்கார் 35 வயது வரைக்கும் உள்ளவர்களுக்கு, அதனால் அவளுக்கு முன்னால் நிறைய வருடம் கிடக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து வாதாடுவதைவிட அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, அதற்கு முன்னால் கோவை கொடிசியா வளாகத்தில் ஒரு புத்தகத் திருவிழா நடக்கும். பெரிய பதிப்பகங்கள் எல்லாம் சென்னையில் என்று நினைத்துவிட வேண்டாம், எதிர் வெளியீடு பொள்ளாச்சியில் இருக்கிறது, விஜயா பதிப்பகம் கோவையில் இருக்கிறது. ஸ்டால் ஸ்டாலாக நின்று, புதியவர்களின் சிறுகதைத் தொகுப்பு எத்தனை பிரதி அடிக்கிறீர்கள், மெய்ப்பு யார் பார்க்கிறார்கள், கைப்பிரதி எப்படி அனுப்புவது என்று அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். சனி ஞாயிறு மத்தியானம் கூட்டம் நெரியும், யாரும் நின்று பேச மாட்டார்கள், வார நாளில் கடை திறந்ததும் போங்கள். அந்த 40,000 ரூபாய்க்காரர் மறுபடி கூப்பிட்டால், அவர் இதுவரை போட்ட தொகுப்புகளின் பெயரைக் கேட்டு, அவை ஏதாவது ஒரு கடையிலாவது கிடைக்கிறதா என்று திருவிழாவில் விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.