உள்ளே ஓடியது எந்த மந்திரம்?

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் பூஜை செய்கிறேன். நடக்கும்போதும் மனசுக்குள் பஞ்சாட்சரம் ஓடும். போன பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அபிஷேகத்துக்கு நேரமாகிறதே என்று கடந்து போய்விட்டேன். அன்றிலிருந்து மனசு குத்துகிறது. என் ஜபமெல்லாம் பொய்யா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பொய் இல்லை, அம்மா. ஆனால் அந்த நிமிடத்தில் உங்களுக்குள் ஓடியது பஞ்சாட்சரம்தானா? 'நேரமாச்சு, நேரமாச்சு' என்பதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனை 1973-இல் வெளியானது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு கிடந்தார். சோதனைக்காக உட்கார வைக்கப்பட்டவர் அவர். 'தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம். சமாரியனை நினைத்துக்கொண்டே போனதால் பெரிய வித்தியாசம் வந்துவிடவில்லை! நிற்காமல் போனவர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை; பலர் கலங்கிப்போய்த்தான் உள்ளே வந்தார்கள். உங்களைப் போலவே.

அதனால் பூஜையைக் குறைக்க வேண்டாம், வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இதுதான் முதல் மருந்து.

அப்புறம், பிரார்த்தனையில் தினமும் வேறொருவருக்கு ஓர் இடம் கொடுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே கோபமூட்டப்பட்டவர்கள், நோயுற்ற முன்பின் தெரியாத ஒருவருக்காக ஐந்து நிமிடம் பிரார்த்தித்தபோது, சும்மா அவரைப் பற்றி நினைத்தவர்களைவிடக் கோபம் தணிந்திருந்தார்கள். கோபம் தணிவது வேறு, உதவுவது வேறு. ஆனால் கொதிக்கிற மனசுக்குப் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை.

முன்பின் தெரியாதவரிடம் என்ன கேட்பது என்ற தயக்கமும் காலைப் பிடித்து இழுக்கும். 'ஐயா, தண்ணி வேணுமா? வீட்டுக்கு யாருக்காவது போன் பண்ணட்டுமா?' இந்த இரண்டு வரியையும் மந்திரம் போலவே உள்ளுக்குள் சொல்லிப் பழகுங்கள். பூக்கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். நிலைமை மோசமென்றால் 108 ஆம்புலன்ஸ்.

அந்தப் பெரியவர் வழக்கமாக அங்கே பஸ் ஏறுபவராகக்கூட இருக்கலாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, ஸ்டாப்பை ஒட்டிய கடைக்காரரிடம் விசாரித்துப் பாருங்களேன்.