திரையில் சாளரங்களை அடுக்க எந்தச் செயலி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எந்த விண்டோ மேனேஜர் (சாளரங்களை அடுக்கும் செயலி) நல்லது? உடனே பதில் வேண்டும். (பாளையங்கோட்டை)

விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? திரை எத்தனை அங்குலம்? தமிழை எதில் தட்டச்சு செய்கிறீர்கள்? இந்த மூன்றும் இல்லாமல் நான் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான். முழுதாக எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: பத்திரம் எழுதும் தொழில். பழைய பத்திரத்தின் ஸ்கேனை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய 15 அங்குல லேப்டாப், விண்டோஸ் 10. காசு கொடுத்து வாங்கும் செயலி தேவையா? (அம்பாசமுத்திரம்)

ஒரு காசும் வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் ஸ்கேன் இடப்பாதியில் நிற்கும். வலப்பாதிக்கு எது வேண்டும் என்று விண்டோஸே கேட்கும். நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும். 2009இல் விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்து பாதித் திரை வசதி இருக்கிறது. எப்போதும் சொல்வதுதான்: கணினியோடு வந்ததைப் பழகிய பிறகு வெளியே தேடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பிறர் சொத்து ஆவணங்களைக் கையாளும் கணினி அது. முதலில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையோடு இசட் அழுத்தினால் நண்பருக்கு மூன்று பத்திகளாகப் பிரிக்கும் கட்டம் வருகிறது, எனக்கு வரவில்லை. (சங்கரன்கோவில்)

திரை அளவீட்டை 150 சதவீதத்தில் வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் 1,920 புள்ளி அகலத் திரையை விண்டோஸ் ஏறக்குறைய 1,300 புள்ளியாகத்தான் எண்ணும், அவ்வளவு குறுகிய திரைக்கு அந்தக் கட்டத்தைக் காட்டாது. 100 சதவீதத்துக்கு இறக்கினால் கட்டம் வரும், எழுத்து சிறுத்துவிடும். கண்ணுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள்.

கேள்வி: கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு 34 அங்குல அகலத் திரை வாங்கினோம். டேலி, எக்செல், மின்னஞ்சல் மூன்றும் தினமும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். (வள்ளியூர்)

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் உள்ள ஃபேன்சிசோன்ஸ் உங்களுக்கானது. கட்டங்களை நீங்களே வரையலாம். சாளரத்தை இழுக்கும்போது ஷிப்ட் விசையைப் பிடித்தால் கட்டங்கள் தெரியும், வேண்டியதில் விடுங்கள். புதிதாகத் திறப்பவை கடைசியாக இருந்த கட்டத்துக்கே போகும்படி ஒரு அமைப்பும் உண்டு, அதை இயக்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். 'இலவச டவுன்லோடு' என்று பச்சைப் பொத்தான் காட்டும் தளங்கள் வேண்டாம்.

கேள்வி: அண்ணாச்சி, திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். சாளரங்கள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு கிளேஸ்டபிள்யூஎம் நிறுவினேன். அன்றிலிருந்து தமிழ் தட்டச்சு வேலை செய்யவில்லை. என்.எச்.எம். ரைட்டரை மூன்று முறை நீக்கி மீண்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். (திருநெல்வேலி டவுன்)

தம்பி, என்.எச்.எம். ரைட்டரில் ஒரு குறையும் இல்லை. ஆல்ட் விசையோடு எண்ணைத் தட்டினால்தான் அதில் தமிழ் வரும், ஆங்கிலத்துக்குத் திரும்பவும் அதே வழிதான். கிளேஸ்டபிள்யூஎம்மும் அதே ஆல்ட், அதே எண்களைத்தான் ஒரு பணித்தளத்திலிருந்து (சாளரங்களின் ஒரு தொகுப்பு) இன்னொன்றுக்குத் தாவ வைத்திருக்கிறது. ஒரே விசைக்கு இரண்டு செயலிகள் காத்திருந்தால் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் தமிழைக் கேட்கிறீர்கள், திரை மாறிவிடுகிறது.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். எது வேகம், எது அழகு, எது குறைந்த நினைவகம் என்றெல்லாம் பட்டியல் போட்டுப் பரிந்துரைக்கிறார்கள். தமிழில் ஒரு வரி தட்டிப் பார்த்து இது ஒத்துப்போகிறதா என்று சொல்பவர் அதில் எத்தனை பேர்? ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவருக்கு ஆல்ட் விசை சும்மா கிடக்கும் விசை. நமக்கு அது மொழி மாற்றும் விசை. நாள் முழுவதும் பெயரும் முகூர்த்த நேரமும் தட்டுகிற கடையில் அதைப் பறித்துக்கொண்டால் வேலையே நின்றுபோகும். எந்தச் செயலியை நிறுவினாலும் முதல் காரியமாக அதன் குறுக்குவிசைப் பட்டியலைத் திறந்து, உங்கள் தமிழ் விசைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

கிளேஸ்டபிள்யூஎம்தான் வேண்டும் என்றால் அதன் அமைப்புக் கோப்பு வெறும் உரைக் கோப்புதான், ஆல்ட் வரும் வரிகளைத் திருத்தலாம். அல்லது விண்டோஸ் 11இலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறி, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து மொழி மாற்றலாம். ஆனால் உங்கள் பழைய பத்திரிகைக் கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், அதற்கு என்.எச்.எம். வேண்டும். ஆகவே கிளேஸ்டபிள்யூஎம்மை நீக்கிவிட்டு ஃபேன்சிசோன்ஸ் போடுங்கள் என்பதே என் முடிவு. அதற்கு மவுஸும் ஷிப்டும் போதும்.

கேள்வி: மேக்கில் சாளரங்களை அடுக்க ரெக்டாங்கிள் செயலி இன்னும் தேவையா? (தென்காசி)

2024இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து பாதித் திரை, கால் திரை வசதி மேக்கிலேயே வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்க வேண்டுமானால் ரெக்டாங்கிள் போடுங்கள், இலவசம்தான். அது அணுகல்தன்மை அனுமதி கேட்கும். அந்த அனுமதி பெற்ற செயலி மற்ற செயலிகளையும் இயக்க முடியும். ஆகவே தயாரித்தவர் தளத்திலிருந்து மட்டும்.

கேள்வி: பழைய 4 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். சாளரங்களைத் தானே அடுக்கும் ஐ3 போடலாமா? (கல்லிடைக்குறிச்சி, கல்லூரி மாணவர்)

கல்லூரி மாணவர் என்கிறீர்கள், போடுங்கள். முதல்முறை இயங்கும்போது ஆல்ட்டா விண்டோஸ் விசையா என்று கேட்கும். விண்டோஸ் விசை என்று சொல்லுங்கள். காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வகுப்பில் புரொஜெக்டரைக் கழற்றியதும் ஒரு சாளரம் மறைந்துவிட்டது. கீழ்ப்பட்டையில் இருக்கிறது, திரையில் இல்லை. (நாங்குநேரி, ஆசிரியை)

கீழ்ப்பட்டையில் அதைச் சொடுக்கிவிட்டு ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு எம். ஏதேனும் ஒரு அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் சாளரம் கூடவே வரும்.