எலுமிச்சையும் மூலிகை எண்ணெயும் குழந்தைத் தோலுக்கு ஆகுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. முழங்கை மடிப்பு அடிக்கடி வறண்டு அரிக்கிறது. ரசாயன கிரீம் வேண்டாமென்று கைக்கு டீ ட்ரீ ஆயிலும், முகம் பளிச்சென்று இருக்க எலுமிச்சைச் சாற்றில் குழைத்த கஸ்தூரி மஞ்சளும் தடவலாம் என்றிருக்கிறேன். இயற்கைதானே, பக்கவிளைவு வராதில்லையா?

பதில்: வரும். முதலில் அந்த எலுமிச்சையை விட்டுவிடுங்கள். அதன் அமிலம் எரிச்சல் தரும் என்பதோடு போகாது, அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளமே வந்து, அப்புறம் அந்த இடம் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். பளிச்சென்று ஆக்கப் போய் இதுதான் மிச்சம். (9 வயது முகத்துக்கு என்ன பளபளப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்க வாய் வருகிறது, சரி, விடுங்கள்.) மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாது.

டீ ட்ரீ ஆயிலை எந்தத் தோலிலும் அப்படியே தடவக் கூடாது. திறந்து வைத்த பாட்டிலில் காற்றுப் பட்டுப் பட்டு அது மாறிப்போகும், பழசாக ஆக ஒவ்வாமையைக் கிளப்பும் குணமும் கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். குழந்தை வாயில் ஊற்றிக்கொண்டால் இன்னும் ஆபத்து, மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

எனக்கு முழங்கைதான் கவலை. நீங்கள் சொல்வது எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து அரிக்கும் நோய்) மாதிரி இருக்கிறது. அப்படியானால் அங்கே தோலின் தடுப்பு ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும், தடவுவதெல்லாம் சுலபமாக உள்ளே இறங்கும். நிலக்கடலை எண்ணெய் கலந்த கிரீம்களைத் தடவிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகம் இருந்ததை 2003-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் அந்த இடத்தில் கொட்டை எண்ணெய், பால், மாவு எதுவும் வேண்டாம். குளித்துத் துடைத்த கையோடு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள்.

மூலிகை ஏதாவது தடவியே ஆக வேண்டுமென்றால் கற்றாழை, அதுவும் மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவிய சோறு மட்டும், புண்ணில்லாத தோலில். முன்னங்கையின் உள்பக்கம் ஒரு நாணயம் அளவு இடத்தில் தினம் இருவேளை ஒரு வாரம் தடவிப் பாருங்கள்; தடித்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால், அரிப்பில் தூக்கம் கெட்டால் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். தடவிய பாட்டில்களையும் எடுத்துப் போனால், எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது அவருக்குச் சுலபம்.